சில்லு

மாலை நாலரை. பெட்டி எண் ஏழைத் திறந்து
எண்ணுகிறேன்.
புத்தகத்தில் இருநூற்று ஆறு எலும்பு.
என் பதிவேட்டில் எழுபத்தெட்டு உருப்படி.
மண்டை ஓடு எனக்கு ஒன்றுதான்,
கை என்பது கம்பியில் கோர்த்த ஒரு கொத்து.
இன்றைக்கு எழுபத்தேழு.

கேத்தி பாலாடாவில் ஒன்பது வருஷம்
கேரட் கழுவிய கை இது.
அங்கே மூட்டைக்கு ஒன்று குறைந்தால்
மேட்டுப்பாளையத்துக்கும் தெரியாது.
இங்கே தெரியும்.
இடது முழங்காலின் சில்லைக் காணோம்.

காலையில்தான் முதலாண்டுக்கு முதல் வகுப்பு.
ஹேமாவதி மேடம் வருஷா வருஷம்
அதே வரியில் தொடங்குவார்:
உடம்பு என்பது பதினொரு மண்டலம்.
மண்டலம் என்றால் எனக்குத் தெரிந்தது
வங்கக் கடலில் உருவாகி
குன்னூர் ரோட்டில் மண் சரிய வைப்பது.
கதவோரம் நின்று கேட்டுக் கேட்டு
எனக்கும் மனப்பாடம்:
எலும்பு, தசை, நரம்பு, நாளமில்லாச் சுரப்பி...
எட்டாவது எப்போதும் மறந்துபோகும்.

மேசையில் படுத்திருப்பவரிடம்
அப்படிப் பாகப்பிரிவினை ஆகவில்லை.
ஒரு நரம்பைத் தூக்கினால்
அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ரத்தக்குழாய் எழுகிறது,
பின்னாலேயே மஞ்சளாய்க் கொழுப்பு,
எங்கே வெட்டுவதென்று தெரியாமல்
இருபது வயதுக் கத்தி நிற்கிறது.

கீழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு
ஒரு மாதம் படியேறினாலே மூச்சு வாங்கும்.
ஏழாயிரத்துச் சொச்சம் அடியில் காற்று மெலிசு.
யாரும் சொல்லாமலே ரத்தம்
தன் சிவப்பணுவைக் கூட்டிக்கொள்கிறது.
அவர்கள் பாஸாவதற்கு முன்பே
உடம்பு பாஸாகிவிடுகிறது.

ஐந்தே முக்காலுக்கு ஜன்னலில் மூடுபனி.
கதவில் செல்வின்.
திசையன்விளைக்காரன்,
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர்.
"பெலிசி அக்கா, திட்டாதீங்க" என்று
பேண்ட் பாக்கெட்டில் கைவிட்டான்.
இடதா வலதா என்று கண்ணை மூடிச் சொல்லப்
பழகினானாம்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் என் விறைத்த உள்ளங்கையில்
வைத்துவிட்டான்.

சூடாக இருந்தது.

இந்தப் பெட்டி வந்த நாளிலிருந்து
துடைக்கிறேன், அடுக்குகிறேன்,
பூச்சி அரிக்காமல் பார்க்கிறேன்.
ஒருநாளும் இவை என் கையைச் சுட்டதில்லை.
கட்டம் போட்டுத் தாண்டுகையில்
எறிகிற ஓட்டுக்கும் சில்லு என்றுதான் பேர்.
டிசம்பர் காலையில் குழாயடியிலும்
அதே சொல்தான், சில்லுன்னு.
சொல்லிலேயே குளிர் உள்ள எலும்பு
சுட்டால் என்ன செய்வது?

யாரோ ஒருவருடைய முழங்கால்
இன்று இவன் தொடையை ஒட்டி
மெஸ்ஸுக்குப் போயிருக்கிறது,
சேரிங் கிராஸ் வரை போய் டீ குடித்திருக்கிறது,
ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றிருக்கிறது.
எத்தனை வருஷம் கழித்தோ.

பிறக்கும்போது இது எலும்பே இல்லையாம்,
வெறும் குருத்து.
நடந்து, விழுந்து, எழுந்து திரிகிற வயதில்தான்
கெட்டிப்படுமாம். மேடம் சொன்னது.
முனையை வெளிப்பக்கம் நீட்டி
மேசையில் வைத்தால்
எந்தக் காலுக்குரியதோ அந்தப் பக்கம் சாயும்.
வைத்தேன்.
இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

எழுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அவன் பேரை எழுதவில்லை.
"ரெண்டு சாக்ஸ் போடு, போ" என்றேன்.

காந்தல் பஸ்ஸுக்கு இறங்கும் படியில்
என் இடது முழங்கால் ஒரு சொடக்குப் போட்டது.
கம்பியைப் பிடித்து நின்று, காலை நீட்டித் தளர்த்தி,
புடவைக்கு மேலாகவே தொட்டுப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் நகர்கிறது.
அந்தப் பக்கமும்.

பஸ் விளக்கு பனிக்குள் மஞ்சளாய்த் திரும்பியது.
கையை எடுக்காமல்
இன்னும் கொஞ்சம் நின்றேன்.